பதினோராவது வரி

அது வரியே இல்லை,
ஒரு லாரி நம்பர்.
எழுபத்திரண்டில் தொடங்கும்.
மீதியை எங்கேயும் எழுத வேண்டாம் என்று
வக்கீல் சொல்லியிருக்கிறார்.
முந்தின வரிக்கு எதுகை
தானாக விழுந்தது, அதுதான் கொடுமை.

ஜெபக்கனிக்கு டோல்கேட்டில் ராத்திரி ஷிப்ட்.
நாலாம் நம்பர் கூண்டு.
ரெண்டு மணிக்கு மேல்
தார்ப்பாய் போர்த்தி ஈரம் சொட்ட வரும் வண்டிகளுக்குக்
கட்டை தானாகத் தூக்கும்.
சீட்டு கிடையாது, கேட்கவும் கூடாது.
"சொட்டுதது ஆத்துத் தண்ணி மக்கா.
ரோட்டுல கோடு போட்டுக்கிட்டே போவுது.
கோட்டைப் பிடிச்சு நடந்தா
ஆத்துக்கே போயிரலாம்."
நல்ல வரி, எழுது என்றேன்.
எழுதவில்லை.
ரசீதுச் சுருளின் பின்பக்கம்
நம்பரைத்தான் எழுதினாள். நாற்பத்தியொன்று.

மேலப்பாளையத்தில் என் கடை:
செல்போன் டிஸ்ப்ளே மாற்றித் தரப்படும்.
பின்னால் முட்டை அட்டை ஒட்டிய அறை.
உம்மா மடியில் சொளவு வைத்து
பீடி இலை வெட்டும் கத்திரிச் சத்தத்தைப்
போனில் பிடித்துத் தாளமாக்கினேன்.
கிரிச் கிரிச் கிரிச், அப்புறம் ஒரு மூச்சு.
கேட்டுவிட்டு உம்மா
"இந்த வேகத்துல வெட்டுனா
அசருக்குள்ள ஆயிரம் முடிஞ்சிரும்" என்றாள்.
எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

சென்னையிலிருந்து கம்பெனி கூப்பிட்டது.
கோபம் பிரமாதம் என்றார்கள்.
திருநெல்வேலிப் பேச்சு அப்படியே இருக்கட்டும்,
இன்னும் நாலு 'ஏல' சேர்க்கலாம்.
பதினோராவது வரி மட்டும் வேண்டாம்.
"அதிகாரம்னு பொதுவா சொல்லுங்களேன்,
எல்லா ஊருக்கும் பொருந்தும்."
மூன்று பாட்டுக்கு ஒப்பந்தம்.
முன்பணம், என் ஏழு மாதக் கடை வாடகை.
அவள் கணக்கு வேறாக இருந்திருக்கலாம்,
நான் கேட்கவில்லை.

நான்தான் வெட்டினேன்.
ஷிப்ட் முடிந்து அவள் தூங்கிய ஒரு பகலில்
நம்பர் இருந்த இடத்தில்
உம்மாவின் கத்திரியை வைத்தேன்.
ரெண்டேகால் நொடி.
கேட்டவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஹெட்போன் ஒயரை முறுக்காமல் சுருட்டி
மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரி விழா.
மேடையின் பின்துணியில் எம்-சாண்ட் விளம்பரம்.
பத்து வரி ஓடியது.
பதினொன்றில் அவள் மைக்கை இறக்கினாள்.
கத்திரி வெட்டியது.
கூட்டத்தில் யாரோ ஒரு நம்பர் கத்தினான்.
அவள் எழுதிய நம்பர் இல்லை.
அடுத்த சுற்றில்
அம்பாசமுத்திரத்துப் பையன்கள் ஒன்று,
முக்கூடல் பிள்ளைகள் ஒன்று,
சீவலப்பேரி பக்கத்திலிருந்து ஒன்று,
ஆளுக்கொரு வண்டி, தாளம் தப்பித் தப்பி,
ஒரு இழவும் விளங்கவில்லை.
அவ்வளவு மோசமான சத்தத்தை
நான் பதிவு செய்ததே இல்லை.
அழிக்கவும் இல்லை.

ஸ்டேஷனில் ஒரு பகல் உட்கார வைத்தார்கள்.
"ராப்புங்கிறது பாட்டா, பேச்சா?"
"நான் ரெண்டும் செய்யல சார்,
மைக்கை எறக்குனேன்."
அதற்கு என்ன பிரிவு என்று
ஏட்டு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
டோல்கேட் வேலை போனது.
கம்பெனி போனை எடுப்பதில்லை.
எனக்கு வண்ணார்பேட்டை நகைக்கடை விளம்பரம் வந்தது,
அட்சய திருதியைக்கு முப்பது நொடி.
நல்ல துட்டு. அதை மறைத்து என்ன.

இப்போது அவள் கயத்தாறு பக்கம்
பெட்ரோல் பங்கில்.
அங்கேயும் ராத்திரி ஷிப்ட்தான்.
டோல்கேட்டில் வண்டி ஓடும்,
இங்கே நின்று டீசல் குடிக்கும்,
நம்பரை நிதானமாகப் பார்க்கலாம் என்கிறாள்.
வாரம் ஒரு தடவை குரல் அனுப்புகிறாள்.
நம்பர், தேதி, மணி. கடைசியில்
"தாளம் போட்டுராத மக்கா."
போடவில்லை.
'ஈது போட்டோ' என்று பேர் வைத்து
போனில் ஒரு மூலையில் சேர்த்திருக்கிறேன்.

நேற்று உம்மா திறந்துவிட்டாள் போல.
"யாருல அந்தப் பிள்ளை" என்றாள்
கத்திரியை நிறுத்தாமல்,
"மூச்சு விடாம கணக்குச் சொல்லுதா."